ஆமம்மா

பால்காரர்தான் அவருக்கு அந்தப் பெயரை வைத்தார். கோபத்தில் வைத்தது, பிறகு செல்லப்பெயராகித் தெருவில் நிலைத்துவிட்டது.

செங்கம் சாலையை ஒட்டிய தெருவில் நயினார் வீட்டின் முன்பகுதியில் நான் குடியிருந்தேன். மாடியில் இருந்த ஒற்றை அறையில் அந்த அமெரிக்கப் பெண்மணி வாடகைக்கு இருந்தார். ஒருநாள் காலை பால்காரர் வழக்கத்தைவிடக் குறைவாக ஊற்றிவிட்டு, "மாடு ஒதச்சிடுச்சும்மா, இன்னிக்குக் கம்மி" என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பினார். அந்தப் பெண்மணி பாத்திரத்தோடு சமையலறை வாசலுக்குப் போய், நயினார் வீட்டம்மாவிடம் உரக்க, தெளிவாகச் சொன்னார்:

"அக்கா, மாடு ஒதச்சிடுச்சாம். அதனால பால் கம்மியாம்."

பால்காரர் நின்றுவிட்டார். "என்னாம்மா அது, 'ஒதச்சிடுச்சாம்'? அப்ப நான் பொய் சொல்றேனா? வந்து பாரு, முழங்கால் எப்பிடி வீங்கியிருக்குதுன்னு!"

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். குனிந்து முழங்காலை நிதானமாகப் பார்த்தார். திரும்பிப் போய், அதே உரத்த குரலில் திருத்திச் சொன்னார்: "அக்கா, முழங்கால் வீங்கியிருக்குது. மாடு ஒதச்சிடுச்சாம்."

"ஆம், ஆம், ஆம்! யம்மா, ஆமம்மா, உங்கிட்ட என்னால முடியாது" என்று பால்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நயினார் வீட்டம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்தது பொங்கி வழிந்தது.

நாம் யோசிக்காமலே போடுகிற விகுதி அது. கேள்விப்பட்டதைச் சொல்லும்போது போடுவோம். நம்பாததைக் குத்திக்காட்டவும் போடுவோம்: "இவருக்குக் காய்ச்சலாம்." இந்த இரண்டாவது உபயோகத்தை அவருக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். மறுநாள் யாரோ ஒருவரிடம் அதைப் போட்டுச் சண்டையை வாங்கி வருவார். தன் கண்ணால் பார்க்காத எதையும் 'ஆம்' இல்லாமல் அவரால் சொல்ல முடியாது. இந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் அவரைப்பற்றிய என் ஞாபகங்கள் எல்லாம் இருக்கின்றன.

நெருக்கடி நிலை விலக்கப்பட்ட வருஷத்தின் கடைசியில் அவர் இந்த ஊருக்கு வந்தார். மாதம் எனக்கு நிச்சயமில்லை; மழை ஓய்ந்து மலை முழுக்கப் பச்சையாக இருந்தது என்பது நிச்சயம். எண்பதுகளின் நடுவில், மாவட்டம் பிரிவதற்குச் சில வருஷங்கள் முன்பு, திரும்பிப் போனார். தம் நாட்டிலேயே காலமாகிவிட்டாராம். வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். உயரம்; அந்த உயரத்துக்கு மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு கூன். கைத்தறிச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே கட்டியிருப்பார். எதைக் கேட்டாலும் பதில் சொல்லுமுன் ஒரு கணம் பக்கவாட்டில் பார்ப்பார், கேட்ட விஷயம் அங்கே நிற்கிறதா என்று பார்ப்பதுபோல.

எங்கள் தெருவுக்கு அப்போது வெள்ளைக்காரர்கள் புதிதல்ல. எல்லோரும் கண்ணை மூடி உட்கார வந்தவர்கள். இவர் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். விடிவதற்குச் சற்று முன் மொட்டைமாடியில் ஒரு பாயைப் போட்டு மலைக்கு நேராக உட்கார்ந்துவிடுவார். முதலில் இருட்டு மட்டும் இருக்கும். பிறகு இருட்டிலேயே சற்று அழுத்தமான ஓர் இருட்டு தெரியும். பிறகு விளிம்பு, பிறகு பாறைகள். அதற்கப்புறம்தான் எழுந்து, கீழே வாளியோடு நிற்கும் என்னைப் பார்த்து, "சார், மலை இருக்குது" என்பார். மார்கழியில் பனிமூட்டம் மலையை மூடிவிடும். தெருக்கோடியே தெரியாது. எங்கிருந்தோ மணிச்சத்தம் மட்டும் நனைந்து வரும். அந்த நாட்களில் பாயைச் சுருட்டிக்கொண்டே சொல்வார்: "சார், மலை இருக்குதாம்."

முதலில் இதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். சில மார்கழிகளுக்குப் பிறகு, மூட்டத்துக்குள் நின்று அந்தப் பக்கம் பார்க்கும்போது எனக்கே ஒரு கணம் 'இருக்குதாம்' என்றுதான் வாயில் வரும்.

தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் தகப்பனார் இறந்தபோது நயினார் வீட்டம்மாவும் நானும் துக்கம் விசாரிக்கப் புறப்பட்டோம். இவரும் கூட வந்தார். வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கடைக்காரரின் எதிரே நின்று, கைகூப்பி, மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்: "உங்க அப்பா செத்துட்டாராம்."

நயினார் வீட்டம்மா அவர் கையைக் கிள்ளினார். கடைக்காரர் தலை நிமிர்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கும் அப்பிடித்தாம்மா சொன்னாங்க," என்றார் அவர். "நான் வேலூர்ல இருந்தேன். வரதுக்குள்ள எடுத்துட்டாங்க. எனக்கும் செத்துட்டாராம்தான்."

இவர் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன்பின் தெருவில் எதிர்ப்பட்டால் அவர்கள் இருவரும் தலையசைத்துக்கொள்கிற விதமே வேறாக இருந்தது.

அவருடைய முற்கதையை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னவை இவை. அவர் பிறந்தது மார்மன் குடும்பத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறித்துவப் பிரிவு அது. கிராமத்து இளைஞர் ஒருவருக்கு ஒரு தேவதூதர் தோன்றி, மலையொன்றில் புதைந்திருந்த தங்கத் தகடுகளைக் காட்டினாராம். அந்த இளைஞர் ஒரு கல்லைத் தொப்பிக்குள் போட்டு, தொப்பியில் முகத்தைப் புதைத்து, தகடுகளில் இருந்த பழைய மொழியை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினாராம். வேலை முடிந்ததும் தகடுகளைத் தேவதூதரே வாங்கிக்கொண்டாராம். அப்படி வந்ததுதான் அவர்களுடைய வேதம். தகடுகளைப் பார்த்ததாகப் பதினொரு பேர் கொடுத்த சாட்சியம் இன்றும் அதன் முகப்பில் அச்சாகிறது.

மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒவ்வொருவராக எழுந்து நின்று பேசுவார்கள். "நம்புகிறேன்" என்பதோடு விடமாட்டார்கள். "இது உண்மை என்று எனக்குத் தெரியும்" என்பார்கள். பேச்சு வந்த குழந்தையைக்கூடத் தாய் தூக்கிக்கொண்டு போய் அந்த வார்த்தைகளைக் காதில் ஊதிச் சொல்லவைப்பாள். இவர் அப்படிச் சொன்னவர். தம் பெண்ணின் காதில் அப்படி ஊதியவர். ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவரும்கூட.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு செய்தி வந்தது. அவர்களுடைய இன்னொரு புனிதநூலை தகடுகளைக் கண்ட அதே நிறுவனர் பழைய எகிப்தியச் சுருள்களைப் பார்த்து மொழிபெயர்த்ததாகச் சொல்லியிருந்தார். சுருள்கள் தீயில் போய்விட்டன என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவற்றில் சில துண்டுகள் ஓர் அருங்காட்சியகத்தில் கிடைத்தன. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். பிணத்தோடு வைத்து அனுப்புகிற வழக்கமான மந்திரம் என்றார்கள். சபையினர் அதற்குப் பல சமாதானங்கள் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அவற்றை எடைபோட எனக்குத் தகுதியில்லை. இவர் சமாதானங்களையும் படித்தார். அப்புறம் மூல வேதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தார். கொலம்பஸுக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே அந்தக் கண்டத்தில் குதிரையும் கோதுமையும் எஃகும் இருந்ததாக அதில் வருவது அப்போதுதான் அவர் கண்ணில் குத்தியது. பழைய ஆங்கில பைபிளின் வாக்கியங்கள் அப்படியே வருவதும்தான். அடுத்த மாத ஞாயிறன்று எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். "எனக்கு" என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லவில்லை," என்றார் என்னிடம். "தெரியும் என்று சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான். அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க எங்கள் ஊரில் இடமில்லை."

அந்த இடம் அவருக்கு நயினார் வீட்டுச் சமையலறையில் கிடைத்தது. தமிழை அவர் கற்றதே அங்கேதான், காய் நறுக்கிக்கொண்டே. வந்த புதிதில் ஒருநாள் நயினார் வீட்டம்மா கீரை ஆய்ந்தபடி ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"சிவன் நெருப்பா நின்னாராம். அதான் இந்த மலை. பிரம்மா அன்னமா மேல பறந்தாராம், பெருமாளு பன்னியா கீழ தோண்டினாராம். ரெண்டு பேருக்கும் அடி முடி தெரியல. வழியில தாழம்பூ ஒண்ணு விழுந்து வந்துச்சாம். 'நான் முடியப் பாத்தேன்னு எனக்கு சாட்சி சொல்லு'ன்னாராம் பிரம்மா. அதுவும் சொல்லிடுச்சாம். அதனால அதுக்குப் பூசையில இடமில்லையாம்."

பொய்ச்சாட்சி சொன்ன பூவைப்பற்றிக் கேட்டதும் இவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம். அதைவிட வேறொன்று அவரைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, எதுக்கு எல்லாத்துக்கும் 'ஆம்'?"

"பின்ன? நான் கூட நின்னு பாத்தேனா?"

நயினார் குடும்பம் சமணர்கள்; போளூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்தவர்கள். சிவன் கதை அவர்களுக்கு ஊர்க்கதைதான். இவருக்கு அது தெரியும். "இது உங்க சாமி இல்ல. உங்க சாமி கதை சொல்லுங்க" என்றார்.

"எங்க ஆதிநாதரு ராஜ்யத்த வுட்டுட்டுப் போனாராம். ரொம்ப நாளு பட்டினியா நடந்தாராம். அப்புறம் ஒருத்தரு கரும்புச்சாறு குடுத்தாராம்…"

"அதுக்கும் 'ஆம்' ஆ?"

"அதுக்கும்தான். என்னா கேள்வி இது?"

"அப்ப நீங்க நம்பலையா?"

"நம்பாம என்னா? தினம் கும்புடுறேன், பாக்கல நீ?"

அன்று மாலை மொட்டைமாடியில் என்னிடம் சொன்னார்: "எங்கள் மொழியில் இந்த ஒரு விகுதி இருந்திருந்தால் நான் வீட்டைவிட்டு வந்திருக்க வேண்டாம்." சொல்லிவிட்டு மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மலை செம்மண் நிறத்திலிருந்து ஊதாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் முகமும் யாருடைய முகமோபோல இருந்தது.

நயினாரிடமும் கேட்டுப் பார்த்தார். அவர் கணக்குப்பிள்ளைபோல விறைப்பாகப் பேசுகிறவர். "எங்க மூல நூலெல்லாம் தொலஞ்சு போச்சும்மா. மனப்பாடமா வச்சிருந்தவங்க ஒருத்தரு பின்னால ஒருத்தரா போயிட்டாங்க. மிச்சம் மீதிதான் இருக்குது."

"தொலஞ்சதுன்னு நீங்களே ஒத்துக்குறீங்களா?"

"தொலஞ்சத தொலையலன்னு எப்பிடிம்மா சொல்றது?"

இவர் அதைக் கேட்டுச் சின்னப்பெண்போலக் கைதட்டினார். நயினாருக்கு எதற்கென்று புரியவில்லை.

என்னையும் அவர் விடவில்லை. கல்வெட்டுகளைத் தேடிப் படித்து எழுதுவது என் பழக்கம்; பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றின் காலத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் நான் ஒருநாள் பேசிக்கொண்டே போனேன். "கல்லிலேயே இருக்கிறது" என்றேன். "கல்லு வெட்டினவரு பாத்தாராம்," என்றார். அன்றிலிருந்து எதை எழுதினாலும் யார் பார்த்தது என்று ஓரத்தில் குறித்துக்கொள்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், கார்த்திகை தீபம் முடிந்த சில நாட்களில், அவருடைய மகள் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். அம்மாவின் உயரம், கூன் இல்லை. நயினார் வீட்டம்மா காபி கொடுத்தார். காபி குடிப்பதில்லை என்றாள். டீ? அதுவும் இல்லை, அவர்கள் மதத்தில் விலக்கு. பொழுது சாய்ந்தால் இந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள் என்று கேட்டதும் மறுபேச்சில்லாமல் வெளிச்சத்திலேயே சாப்பிட்டுவிட்டாள். "பாப்பா நம்மள விட ஆசாரமா இருக்குது. இதப் போயி வுட்டுட்டு வந்து உக்காந்திருக்குறா பாரு" என்றார் நயினார் வீட்டம்மா.

பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள், இன்னொன்றைக் கேட்கவும். அவர்கள் கல்யாணம் அவர்களுடைய கோயிலுக்குள் நடக்கும். கோயிலுக்குள் போகச் சபைப் பெரியவர்களின் அனுமதிச் சீட்டு வேண்டும். அவர்கள் கூப்பிட்டு உட்காரவைத்து, இதை நம்புகிறாயா, இது உண்மையா என்று கேட்பார்கள். சரியாகப் பதில் சொன்னால் சீட்டு. சொல்லாவிட்டால் பெற்ற தாயானாலும் கல்யாணம் முடியும்வரை வெளியே இருக்க வேண்டியதுதான்.

இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது நயினார் வீட்டம்மா முறத்தைக் கீழே போட்டார். "பெத்தவள வெளிய நிக்க வச்சுட்டு உள்ள தாலி கட்டுறதா? என்னா சார் இது?" பிறகு இவர் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒரு வார்த்தைதான? சொல்லிட்டுப் போயேன். வாயில முத்தா உதிரும்?"

அம்மா மகளைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். கோபுரவாசலைத் தாண்டி உள்ளே வந்ததும், "பார்த்தாயா, செருப்பைப்பற்றி மட்டும்தான் கேட்டார்கள்" என்றார் அம்மா. மகள் சிரித்தாள். "கேட்காத இடத்துக்குள் வருவதில் என்ன இருக்கிறது அம்மா? என்னைக் கேட்கிறார்கள். நான் பதில் சொல்லிவிட்டு உள்ளே போகிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது." பதில் நியாயமாகத்தான் பட்டது எனக்கு. அம்மாவுக்கும் பட்டிருக்க வேண்டும். மகளின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மகள் என்னையும் மாடிக்குக் கூப்பிட்டாள். அம்மா என் பேச்சைக் கேட்பார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மலையுச்சியில் தீபக் கொப்பரையின் புகைக்கறை இன்னும் தெரிந்தது. மேகம் இறங்கி அதைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது.

"உனக்குச் சந்தேகம் இருக்கிறது. எனக்கும் சில நாள் வருகிறது," என்றாள் மகள். "அப்போதும் எழுந்து நின்று தெரியும் என்றுதான் சொல்கிறேன். சொல்லச் சொல்லத் தெரிந்துவிடுகிறது அம்மா."

"எனக்கும் அப்படித்தான் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல்."

"அப்படியானால் இன்னும் ஒரே ஒரு தடவை. பொய்யென்று நினைக்காதே. எனக்காக என்று நினைத்துக்கொள். நான் உள்ளே திரும்பிப் பார்க்கும்போது அங்கே நீ இருக்க வேண்டும்."

அம்மாவின் கை சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது. அவர் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று விரும்பினேன். அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "எழுதும் தமிழில் 'ஆம்' என்றாலே சம்மதம்தானே," என்றேன். "அவர்கள் உண்மையா என்று கேட்டால் 'ஆம்' என்று சொல்லுங்கள். உங்களுக்கு அது கேள்விப்பட்டது. கேட்பவர்கள் சம்மதமாக எடுத்துக்கொள்ளட்டும். தமிழில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம்."

அம்மா அதை மகளுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். அவள் கண் கலங்கியிருந்தும் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். 'ஆம்' என்று ஒருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். பிறகு என்னிடம் தமிழிலேயே சொன்னார்:

"எனக்கு அது 'ஆம்', சார். அவங்களுக்கு அது 'எஸ்'. அவங்க காதுல என்னா விழும்னு எனக்குத் தெரியும். அது மட்டும் நல்லாத் தெரியும்."

மகள் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவர் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். மேகம் முழுக்க இறங்கி மலை மறைந்துவிட்டது. நான் கீழே வந்துவிட்டேன்.

கோடையில் அவர் கல்யாணத்துக்குப் போனார். எங்களில் யாரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கவில்லை. ஆடி மாதக் காற்றில் தெரு முழுக்கப் புழுதி பறந்த ஒருநாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். குளித்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய்த் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். நான் வாசற்படியில் பேப்பரோடு இருந்தேன்.

"எப்பிடி நடந்துச்சு கல்யாணம்?" என்றார் நயினார் வீட்டம்மா.

"நல்லா நடந்துச்சாம், அக்கா."

கீரை ஆயும் சத்தம் நின்றது.

"பாப்பா என்னா கட்டியிருந்துச்சு?"

"வெள்ளையாம். உள்ள ஒரு பெரிய கண்ணாடியாம், எதிர எதிர. அதுல ரெண்டு பேரும் முடிவே இல்லாம தெரிஞ்சாங்களாம். பாப்பா அழுதாளாம்."

"ஏய். பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு 'ஆம்' போடாத. நடந்துச்சுன்னு சொல்லு. அழுதான்னு சொல்லு."

"நான் பாக்கல, அக்கா. வெளிய தோட்டத்துல பெஞ்சு இருக்குது. அங்க உக்காந்திருந்தேன்."

நயினார் வீட்டம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. "அப்ப எதத்தான் பாத்த நீ, அவ்ளோ தூரம் போயி?"

அவர் பக்கவாட்டில் பார்த்தார். இந்த முறை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவு தெறந்துச்சு," என்றார். "பாப்பா வெளிய வந்தா. நல்ல வெயிலு. கண்ணு கூசுச்சு அவளுக்கு. ரெண்டாவது படியில பாவாடை காலுல மாட்டிக்கிச்சு, அக்கா. நான் ஓடிப்போயி புடிச்சேன்."